ஓவிய வகுப்பில் ஒரு சூரசம்ஹாரம்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் கூரை போட்டு, சனி, ஞாயிறு காலைகளில் நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியமும் கைவேலையும் சொல்லித் தருகிறேன். ஆண்டின் பெரும்பகுதி கிரேயானும் வண்ணக் காகிதமுமாகப் போகும் இந்த வகுப்பு, புரட்டாசி பிறந்ததும் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். குலசேகரபட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் போலீஸ்காரராகவும் வேடமிட்டுக் கடைத்தெருவில் காணிக்கை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம், அந்த நாள்களில் பூச்சாடியை வரையச் சொல்வதில் பொருளில்லை. அதனால் தசராவில் தொடங்கி, தீபாவளி, கந்த சஷ்டி, கிறிஸ்துமஸ், பொங்கல் வரையுள்ள காலத்தை முகமூடிகளுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். இதே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்கும் உதவக்கூடும் என்பதால் இந்த அனுபவங்களை எழுதுகிறேன்.

முகமூடி செய்வதற்குச் சூரசம்ஹாரத்தைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் சஷ்டி விழாவின் ஆறாம் நாள் மாலையில், திருச்செந்தூர்க் கடற்கரையில் ஜெயந்திநாதர் என்னும் முருகன் சூரனை எதிர்கொள்ளும்போது, முதலில் யானை முகத்தோடு தாரகாசுரன் வருகிறான், அடுத்துச் சிங்கமுகாசுரன், பிறகு சொந்த முகத்தோடு சூரபத்மன், கடைசியில் மாமரமும் சேவலும். கந்தபுராணத்தில் முதல் மூவரும் தனித்தனிச் சகோதரர்கள். ஆனால் நம் ஊர்க் கோயில்களில் ஒரே சூரன் பொம்மையின் தலையைக் கழற்றி அடுத்த தலையை மாட்டும்போது, அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்கு அது ஒரே ஆள் முகத்தை மாற்றி மாற்றி வருவதாகவே படுகிறது. முகம் மாறினால் ஆளே மாறிவிடலாம் என்ற இந்த எண்ணம்தான் சிறு பிள்ளைகளுக்கு முகமூடியின்மேல் இருக்கும் ஆசைக்கும் அச்சத்துக்கும் வேர் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு உளவியலில் பேர்பெற்ற ஒரு சோதனை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ரீட்டா டிவ்ரீஸ், மேனார்டு என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளிடம் பழகவிட்டார். பின்பு அதன் தலைப்பக்கத்தை மட்டும் மறைத்துக்கொண்டு நாய் முகமூடியை மாட்டினார். வால்பக்கம் முழு நேரமும் பிள்ளைகளின் கண்முன்னேயே இருந்தது. இருந்தும் மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அது நாயாகிவிட்டதாகவே எண்ணினார்கள். ஆறு வயதை ஒட்டியவர்கள் முகமூடி போட்ட பூனைதான் என்றார்கள். 1969-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபின், என் வகுப்பில் நான்கு வயதுக்காரருக்கும் ஏழு வயதுக்காரருக்கும் ஒரே வேலையைக் கொடுப்பதை விட்டேன். ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு கோரமான முகம் செய்யலாம் என்று பார்க்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கோ, பக்கத்தில் இருக்கும் தோழி தட்டைத் தூக்கி முகத்தில் வைத்த அந்த நொடியில் தோழி காணாமல் போய்விடுகிறாள். பெரியவர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டியதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூசித்து, அதை அணிபவர் விரதமிருந்து அணிகிறார். ஆவேசம் வரும்போது அவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்கிறார்கள்.

எங்கள் ஊரில் டிசம்பரில் கேரல் பாடி வீடு வீடாக வருபவர்களோடு, பிளாஸ்டிக் முகமூடியும் சிவப்பு அங்கியுமாக ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே வருவார். மிட்டாயை நீட்டும் அவரைக் கண்டு வீட்டுக்குள் ஓடி ஒளியும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த அச்சத்தை வகுப்புக்குள் கொண்டுவராமல் இருக்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களின் முகமூடி முகத்தை மூடாது. அட்டைப் பட்டையில் ஒட்டி நெற்றிக்கு மேலே கிரீடம்போல் நிற்கும். அதன் கீழே பிள்ளையின் சொந்த முகம் முழுவதும் தெரியும். கூச்சப்படுகிறவர்களுக்கு ஐஸ் குச்சியில் ஒட்டிக் கையில் பிடிக்கக் கொடுத்தால், வேண்டும்போது முகத்தருகே வைத்து, வேண்டாதபோது இறக்கிக்கொள்ளலாம். மாட்டிக்கொள்ள மறுக்கும் பிள்ளையை நான் வற்புறுத்துவதில்லை. பெரும்பாலும் கண்ணாடி முன்னால் தானே வைத்துப் பார்த்து, எடுத்துப் பார்த்து, நாலைந்து முறை ஆனபின் தானாகவே போட்டுக்கொண்டு வரும்.

ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்வது அரை முகமூடி. நெற்றியிலிருந்து மூக்கு வரை மறைத்து, வாயையும் தாடையையும் திறந்துவிட வேண்டும். முழு முகமூடிக்குள் பிள்ளைக்கு வியர்க்கும், மூச்சு முட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சூரன் சிரிக்க வேண்டிய இடத்தில் குரல் வெளியே கேட்காது. அளவுதான் பலரும் கவனிக்காத இடம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்கள் பலவும் பெரியவர் முகத்துக்கு வரைந்தவை. பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தூரம் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய ஐந்துதான். பெரியவர் அளவில் ஓட்டை போட்டால் பிள்ளை ஒரு கண்ணால்தான் பார்க்கும், படியில் தடுக்கும். ஒரு காகிதப் பட்டையைக் கண்களுக்குச் சற்றுக் கீழே வைத்து, மணிக்கு நேராக நகத்தால் கிள்ளி அடையாளம் செய்துகொள்கிறேன். பென்சிலைக் கண் அருகே கொண்டுபோவதில்லை. ஓட்டையின் குறுக்களவு மூன்றரை சென்டிமீட்டராவது இருந்தால்தான் கீழே தரை தெரியும்.

பொருளைப் பற்றிச் சொல்லும்போது, முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கந்த சஷ்டி வருவது ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு. காகிதக்கூழ் முகமூடி எத்தனை அழகானதாக இருந்தாலும் அந்த மாதத்தில் அது காயாது. மின்விசிறிக்கு அடியில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், மறு வாரம் எடுக்கும்போது வீச்சம் அடிக்கும். பலூனை ஊதி அதன்மேல் காகிதம் ஒட்டும் முறையையும் நான் கையாளுவதில்லை. வெடித்த பலூன் துண்டு சிறு பிள்ளைகளின் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கக்கூடியது; எட்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பல நாடுகளில் பலூன் பொட்டலத்தின் மேலேயே அச்சாகி வருகிறது.

இவை இரண்டுக்கும் மாற்றாக எனக்கு அமைந்தது பாக்குமட்டைத் தட்டு. பந்திக்கு வைக்கும் பத்து அங்குலத் தட்டு பிள்ளை முகத்துக்குப் பெரிது, காது வரை போய் இடிக்கும். சிற்றுண்டிக்கு வைக்கும் எட்டு அங்குல வட்டத் தட்டே சரி. அதைக் கவிழ்த்தால் பின்புறப் புடைப்பு முகத்துக்குத் தானாகவே பொருந்தும். மட்டையின் இயற்கையான வரிகள் வேறு ஓடுவதால், வண்ணம் பூசாமலே பாதி மிருகமாகத் தெரியும். காய்ந்த தட்டைக் கத்தரித்தால் நார் ஓடும் திசையில் பிளந்துவிடும். முதல் நாள் இரவே சற்று நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நார் இளகியதும் கண்ணையும் மூக்குக்கு அடியில் உள்ள பகுதியையும் வெட்டியெடுத்து, மேலே கனமான புத்தகம் எதையும் வைக்காமல் அப்படியே காயவிட்டால் வடிவம் கெடாது. காய்ந்தபின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்ப்பது கட்டாயம். இந்த மட்டையின் சிலும்பு கண்ணுக்குத் தெரியாது, இமையில் குத்தும்போதுதான் தெரியும்.

இந்த வெட்டு வேலையில் பிள்ளைகளை நான் சேர்ப்பதே இல்லை. பிள்ளையின் முகத்தோடு ஒட்டவேண்டியவை, அதாவது கண் ஓட்டை, மூக்குத் திறப்பு, விளிம்பு, எலாஸ்டிக் இவையெல்லாம் என் பொறுப்பு. வெளியே தெரியும் முகம் முழுக்க அவர்களுடையது. அதில் நான் ஒரு கோடு கூட இழுப்பதில்லை. இந்த எல்லையை வகுத்துக்கொண்ட பிறகு வகுப்பும் எளிதாகிவிட்டது, முகமூடிகளும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் வருகின்றன. எலாஸ்டிக்கை ஸ்டேப்ளரால் அடிக்கும்போது பின்னின் கால்கள் வெளிப்பக்கம் மடியும்படி அடித்து, மேலே டேப் ஒட்ட வேண்டும். கயிறும் ரிப்பனும் கட்டக் கூடாது. கழுத்துக்கு நழுவி இறங்கினால் எளிதில் அறுந்துவிடக்கூடிய மெல்லிய எலாஸ்டிக்கே பாதுகாப்பானது.

வகுப்பு நடக்கும் முறை இது. ஐந்து பேர் ஒரு குழு. ஆளுக்கு ஒரு முகம்: யானை, சிங்கம், சூரன், மாமரம், சேவல். ஆறாவதாக ஒருவர் வேல் பிடிக்க வேண்டும். இங்கேதான் ஒவ்வோர் ஆண்டும் சிக்கல் வரும். முருகனாக இருக்க யாரும் முன்வருவதில்லை, ஏனென்றால் முருகனுக்கு முகமூடி கிடையாது. தீபாவளி இனிப்புப் பெட்டியின் தங்க நிற அட்டையில் ஆளுயர வேல் செய்து கொடுத்தபின்தான் அந்த வேடத்துக்கும் ஆள் கிடைத்தது. இந்த இனிப்புப் பெட்டிகளை எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவைத்துச் சேர்த்துக்கொள்வது நல்லது. பளபளப்பு வேண்டிய இடத்தில் ஜிகினாத் தூளுக்குப் பதிலாக அதுவே போதும். ஜிகினாவை நான் வகுப்புக்குள் விடுவதில்லை. அது கண்ணுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு, முகமூடியோ கண்ணை ஒட்டியே இருக்கும் பொருள்.

யானைக்குத் தும்பிக்கை, சமமான இரண்டு காகிதப் பட்டைகளை ஒன்றின் குறுக்கே மற்றொன்றை வைத்து ஒட்டி, மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போனால் கிடைக்கும் சுருள். தலையை ஆட்டும்போது அது துள்ளும். ஆறு வயதுக்காரர்கள் ஒருமுறை பார்த்தால் செய்துவிடுவார்கள். சிறியவர்களுக்கு மடிப்பு பிடிபடாது, அவர்களுக்குப் பழைய காலுறையைக் கொடுத்துத் துணித்துண்டு அடைக்கச் சொல்லலாம். ஆனால் காலுறையின் கனம் முகமூடியை முன்னால் இழுத்துச் சரிக்கும் என்பதால், தளர்வாக, கொஞ்சமாகவே அடைக்க வேண்டும். சிங்கத்தின் பிடரிக்குத் தேங்காய் நார் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கழுத்தில் அரிக்கும். பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சும் பிரவுன் ஷீட்டைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பென்சிலில் சுற்றி இழுத்தால் சுருண்ட பிடரி வரும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடிக்கும் வெள்ளைக் காகிதத்தில் இதே முறைதான். பஞ்சு வைத்தால் வாய்க்குள் போகிறது. மெழுகுவர்த்தி ஏற்றும் மாதத்தில் பஞ்சுத் தாடியோடு பிள்ளைகள் திரிவதும் நல்லதில்லை.

மாமரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகமே இல்லாத ஒரு முகமூடி அது. கண் எங்கே, வாய் எங்கே என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பி, அவர்களே விடை கண்டுபிடிப்பார்கள். ஒரு சிறுமி தட்டு முழுவதும் பச்சை அப்பி, கண் ஓட்டைகளைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக வளையம் போட்டாள். கேட்டதற்கு, “மிஸ், சூரன் மாம்பழத்துக்குள்ள இருந்து பார்க்கான்” என்றாள். உண்மையான மாவிலைகளை ஒட்டலாமா என்று ஒருவன் கேட்க, ஒட்டிப் பார்த்தோம். பச்சை இலையில் பசை பிடிக்கவில்லை, நூலால் கோத்துக் கட்ட வேண்டியதாயிற்று. இலை மறுநாளே சுருண்டாலும் அன்றைய ஆட்டத்துக்குத் தாங்கியது. அந்த முகமூடியை நான் செய்து காட்டியிருந்தால் ஐந்து குழுவிலும் ஒரே மரம்தான் முளைத்திருக்கும். மாதிரி காட்டாமல் கதையை மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்வது பயன் தருவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இதற்கு விலையும் உண்டு. ஒருமுறை சேவல் முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு பையனின் தாயார், மறு வாரம் அதை அழகாகத் திருத்தி, கொண்டைக்கு வெல்வெட் துணி ஒட்டி, கறுப்பு மையால் கண் வரைந்து எடுத்துவந்தார். பார்க்கக் கடைப் பொருள்போல் இருந்தது. பையன் அதைத் தொடவே இல்லை. மாறுவேடப் போட்டிகளில் பரிசு வாங்குவது பெரும்பாலும் பெரியவர்கள் செய்த முகமூடிகளே என்பதால், பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் இப்போது முகமூடியை வகுப்பு முடிந்த அன்றே வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆட்டம் நடந்து முடிந்தபிறகே அனுப்புகிறேன், அந்த ஆட்டத்துக்குப் பெற்றோரையும் அழைக்கிறேன். தும்பிக்கை கோணியிருந்ததை மேடையில் யாரும் கவனிப்பதில்லை; யானை பிளிறியதைத்தான் கவனிக்கிறார்கள்.

ஆட்டம் பத்து நிமிடம் போதும். ஐந்து சூரன்களும் ஒருவர் பின் ஒருவராகத் திரைக்குப் பின்னாலிருந்து வந்து, மூன்று முறை சுற்றி, வேல் தொட்டதும் முகமூடியைத் தாமே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கழற்றுவதை ஆட்டத்தின் பகுதியாக்கியது முக்கியம். உள்ளே இருந்தது தன் தோழிதான் என்பதைச் சிறு பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். சேவல் மட்டும் உட்காராமல் கொடியோடு நிற்கும். சிறிய பிள்ளைகளும் மூத்த பிள்ளைகளும் அதில் குறை காண்பதில்லை. என் வகுப்பில் கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. சாமி கதை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளைகள் புலி வேடம் போடுகிறார்கள். மஞ்சளில் கறுப்புக் கோடு இழுப்பதில் உள்ள இன்பம் எல்லோருக்கும் பொது. கேட்காமல் நாமாகவே முடிவு செய்யாமல், பருவம் தொடங்கும்முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதே முறை.

தை பிறந்து வெயில் தெளிந்த பிறகு காகிதக்கூழுக்கு வேளை வரும். மாட்டுப் பொங்கலுக்குக் காளை முகம் செய்வோம். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று படிந்து ஒட்டும். தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணிக்கொண்டு போகும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், அதற்கே ஒரு வகுப்பு ஓடிவிடும். பசைக்கு ஒரு பங்கு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு பங்குத் தண்ணீரில் ஊற்றிக் கிளறி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி ஆறவிட வேண்டும். அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது. புத்தகம் பைண்டு செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, விரலைச் சப்பும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சலாம்.

பூச்சிக்கு நம் ஆச்சிமார் வைத்திருந்த வழி வெந்தயம். ஊறிய காகிதத்தோடு ஊறிய வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார்கள். அந்தக் கூழையே காளையின் மூக்கும் கொம்பும் புடைப்பாக வர வேண்டிய இடங்களில் வைக்கிறேன். கொம்பு மட்டும் உள்ளே செய்தித்தாள் சுருளோடு இருந்தால் கனக்காது. வெந்தய வாடை சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டே வேலை செய்வார்கள், ஆனாலும் கையை எடுக்கமாட்டார்கள்.

ஒரு படலம் காய்ந்தபின்தான் அடுத்த படலம் என்பதால் இந்த வேலைக்குக் குறைந்தது இரண்டு வார இறுதிகள் வேண்டும். கூரைக்கு வெளியே வெயிலில் வைக்கும்போது காக்கை கொத்தாமல் மேலே ஒரு கொசுவலையைப் போர்த்த வேண்டும். வண்ணத்துக்குப் போஸ்டர் கலரைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கலந்து, முதலில் வெள்ளை ஒரு கை பூசிவிட்டால் செய்தித்தாள் எழுத்து மறையும். எழுத்து தெரியட்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு அதையும் விட்டுவிடலாம். மைதா ஒட்டிய பொருளைப் பரணில் போட்டால் கரப்பானுக்கு விருந்தாகும். சுவரில் ஆணி அடித்துக் காற்றோட்டமாகத் தொங்கவிடச் சொல்கிறேன். பாக்குமட்டை முகமூடிகளுக்கு அந்தக் கவலை குறைவு. பழைய எலாஸ்டிக்கைப் பிய்த்துவிட்டு, மேலே வெள்ளை பூசி, அடுத்த சஷ்டிக்கு இன்னொரு முகம் வரையலாம்.